அன்பு தந்த விரைவு

1818ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ஒரு சிறு நூல் அச்சாகி வெளிவந்தது. கிறிஸ்துவின் நற்செய்தியை அதுவரை கேளாதிருந்த 60 கோடி மக்களின் உரிமையைப் பற்றி அந்நூல் பேசிற்று. அதனை எழுதியவர்கள் கோர்டன் ஹோல், சாமுவேல் நியூவெல் என்னும் இருவர். இருவரும் பம்பாயில் ஊழியஞ் செய்து கொண்டிருந்த இளைஞர். அவர்களுடைய வாதம் எளியது. இப்பொழுது வாழ்கின்ற மக்கள் ஒரு தலைமுறைக்குள் மறைந்து விடுவர். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டாயின், அதனைச் சொல்லுங் காலம் இதுவே என்பதே அந்த வாதம்.

நியூவெல் என்பவர் இலங்கைக்குப் புதியவரல்லர். 1812இல் அவருடைய இளம் மனைவி மொரீசியசுத் தீவில் இறந்தபின், தனியராய் அவர் இங்கு வந்து சேர்ந்தார். அமெரிக்க ஊழியருக்கு யாழ்ப்பாணம் தக்க இடமென்று தம்மை அனுப்பிய சங்கத்துக்கு எடுத்துரைத்தவரும் அவரே. அதன் பயனாக 1816இல் தெல்லிப்பழையில் அமெரிக்க மிசன் தன் பணியைத் தொடங்கிற்று. காலம் குறுகியது என்று எழுதிய அவ்விருவருக்குங் காலம் குறுகியதாகவே இருந்தது. 1821இல் நியூவெலும், 1826இல் ஹோலும் வாந்திபேதி நோய் கண்டு இறந்தனர்.

கிறிஸ்தவ ஊழியத்திலே காணப்படும் இந்த அவசரம் எத்தகையது? அது எங்கிருந்து பிறக்கின்றது? எதுவரை நிலைக்கின்றது? இவ்வினாக்களுக்கு வாதங்களைக் காட்டிலும் வாழ்க்கைகளே தெளிவான விடை தருவன. அவ்வாறான சில வாழ்க்கைகள் யாழ்ப்பாணத்து மண்ணிலேயே நடந்தேறியிருக்கின்றன.

முதலிற் சொல்லின் பொருளை நோக்குவோம். சுவிசேடம் என்றால் நற்செய்தி. செய்தி என்பது அறிவிக்கப்படுவதற்கே உரியது. பெட்டியிற் பூட்டி வைப்பதற்கு உரியதன்று. ஊரில் நோய் பரவுங்கால் அதற்கு மருந்து அறிந்த வைத்தியன் நல்ல நாள் பார்த்துக் கொண்டிருப்பானல்லன். தமக்குக் கிடைத்தது வாழ்வளிக்கும் மருந்து என்று மெய்யாகவே நம்புகின்றவர், அதனைப் பிறர்க்குக் கொடுக்க விரைவது இயல்பே. ஆனால் விரைகின்றவர் எல்லாரும் ஒரே காரணத்தால் விரைவதில்லை. அச்சத்தினால் விரைவாருமுண்டு, எண்ணிக்கை காட்டும் ஆசையினால் விரைவாருமுண்டு, அன்பினால் விரைவாருமுண்டு. அப்போஸ்தலராகிய பவுல் கொரிந்து சபையாருக்கு எழுதிய நிருபங்களில், தம்மை ஓடச் செய்வது கிறிஸ்துவின் அன்பே என்பதையும், அன்பில்லாத பேச்சு வெறும் ஓசையே என்பதையும் வற்புறுத்தியுள்ளார். ஆதலின் அவசரமும் அன்பும் பிரிக்கலாகாதவை என்பதே கிறிஸ்தவக் கொள்கை. எனினும் நடைமுறையில் அவை பிரிந்து போவதுண்டு. பிரிந்தபொழுது என்ன நேரும் என்பதும், சேர்ந்தபொழுது என்ன விளையும் என்பதும் கவனிக்கத் தக்கன.

மேலே குறித்த சிறு நூல் நியூயோர்க் நகரில் ஒருவர் கையில் அகப்பட்டது. ஜோன் ஸ்கடர் என்னும் வைத்தியர், நோயாளி ஒருவரைப் பார்க்கச் சென்ற இடத்தில் அதனைக் கண்டு படித்தார். அவருக்கு அந்நகரில் நல்ல தொழில் இருந்தது. இளம் மனைவியும் குழந்தையும் இருந்தனர். எனினும் 1819ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் அவர் குடும்பத்தோடு பொஸ்தன் துறைமுகத்திலிருந்து கப்பலேறினார். வழியிலே கல்கத்தாவில் அக்குழந்தை இறந்தது. அவர்கள் திரும்பிச் செல்லவில்லை; யாழ்ப்பாணத்துக்கு வந்து பண்டத்தரிப்பில் தங்கினர். அங்கே ஸ்கடர் நோயாளருக்கு மருந்து கொடுத்தார், நற்செய்தியையும் போதித்தார். அமெரிக்கா வெளிநாட்டுக்கு அனுப்பிய மருத்துவ ஊழியருள் முதல்வராக அவரையே கூறுவர். 1836இல் அவர் சென்னைக்குச் சென்றார். 1855இல் இறந்தார். அவருடைய புதல்வர் எழுவர் இந்தியாவில் ஊழியராயினர்.

படித்த நாளன்று எழுந்த உணர்ச்சி மட்டும் இத்தனை ஆண்டுகளுக்குப் போதியதன்று. ஒருவரைக் கப்பலேற்றுவதற்கு அவசரம் போதும். பிள்ளையைப் புதைத்தபின்னும் அவரை நிற்கச் செய்வதற்கு வேறொன்று வேண்டும்.

இவ்வுண்மையை இன்னும் அமைதியான முறையிற் காட்டியவர் எலைசா அக்னியு அம்மையார். 1807இல் நியூயோர்க்கிற் பிறந்த இவர், எட்டு வயதுச் சிறுமியாயிருந்தபொழுது பூமிசாஸ்திர வகுப்பிலே தொலைதேசங்களைப் பற்றிக் கேட்டு, அங்கே சென்று ஊழியஞ் செய்ய வேண்டுமென்று மனத்தில் உறுதி பூண்டார். ஆனால் அவ்வுறுதியைத் தாங்கிக் கொண்டு ஏறக்குறைய இருபத்து நான்கு ஆண்டுகள் வீட்டிலேயே இருந்தார். பெற்றோரைப் பேணும் கடமை அவருக்கு இருந்தது. தூரத்து மக்களை நேசிப்பதாகச் சொல்லி வீட்டிலுள்ள முதியோரைக் கைவிடுதல் தகாது என்பதை அவர் அறிந்திருந்தார். பெற்றோர் இறந்தபின்னரே புறப்பட்டு, 1840இல் யாழ்ப்பாணத்தை அடைந்தார்.

உடுவிற் பெண்கள் விடுதிப் பாடசாலை 1824இல் தொடங்கப்பெற்றது. பெண்ணுக்கு எழுத்தறிவு எதற்கென்று கேட்ட காலமது. அப்பாடசாலையை அக்னியு அம்மையார் ஏற்று, 1879வரை நடத்தினார். தாய் முதலாகப் பேத்தி ஈறாக ஒரே குடும்பத்துப் பெண்கள் அவரிடம் படித்ததுண்டு. அவரிடங் கற்ற பெண்கள் 1,000 பேருக்கும் மேற்பட்டவர். ஆயிரம் புத்திரிகளின் தாய் என்று மக்கள் அவரை அழைத்தனர். 1883இல் மானிப்பாயில் இறக்கும்வரை, நாற்பத்துமூன்று ஆண்டுகளில் ஒரு முறையேனும் அவர் தாய்நாட்டுக்குச் சென்றாரில்லை. எட்டு வயதிற் பிறந்த அவசரம் அவரிடத்தில் என்றும் அவிந்ததில்லை. ஆனால் அது ஒருபொழுதும் பதற்றமாக மாறவுமில்லை.

அவசரம் பதற்றமாக மாறிய இடமும் உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசன் ஒரு செமினரியைத் தொடங்கிற்று. தமிழும் ஆங்கிலமும், கணிதமும் வானசாஸ்திரமும் அங்கே கற்பிக்கப்பட்டன. தானியேல் பூவர் அதன் முதல் அதிபர். சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாக 1857இல் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அச்செமினரியிற் பயின்றவர்களே. ஆனால் அவர்கள் பட்டம் பெறுவதற்கு ஈராண்டுக்கு முன்னரே செமினரி மூடப்பட்டு விட்டது.

மூடியதற்குக் காரணம் இதுதான். அமெரிக்கச் சங்கத்திலிருந்து வந்த பிரதிநிதிகள் கணக்குப் பார்த்தனர். படித்த மாணாக்கருட் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடினர். போதகராக வந்தவர் சிலரே. நற்செய்தி அறிவிக்க அனுப்பப்பட்ட பணம் ஆங்கிலக் கல்விக்குச் செலவாகலாமா என்று அவர்கள் கேட்டனர். கிராமந்தோறும் தாய்மொழியிற் போதிப்பதே முதற் கடமை என்று கருதி, 1855இல் செமினரியை நிறுத்தினர். அவர்கள் தீய எண்ணமுடையவரல்லர். தாய்மொழிக்கு முதன்மை தரவேண்டுமென்பதிலும் அவர்கள் கூற்றில் நியாயம் இருந்தது. எனினும் முப்பது ஆண்டுகளாக ஊரார் நம்பிக்கை வைத்திருந்த ஒரு விளக்கை, அது தந்த வெளிச்சத்தைத் தம் அளவுகோலால் அளக்க இயலாமையால், அணைத்து விட்டார்கள். அவ்விழப்பை உணர்ந்தவர்களின் முயற்சியால் 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. அறுவடையை எண்ணுவதிலே விரைவு காட்டினால், முளைத்து வருவதை மிதித்துவிடவும் கூடும் என்பது இவ்வரலாறு தரும் பாடம்.

தாமோதரம்பிள்ளை அவர்கள் பின்னர்ச் சைவராகவே விளங்கி, தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகை முதலிய பண்டைநூல்களையும் பதிப்பித்துத் தமிழுக்குப் புத்துயிர் அளித்தார். சபைக் கணக்கில் அவர் ஒரு நட்டம். தமிழ்க் கணக்கிலோ பேரிலாபம். அன்பினாற் கொடுத்த கல்வி, கொடுத்தவர் எதிர்பார்த்த வழியிலேயே பயன்தர வேண்டுமென்ற நியதி இல்லை.

இதே காலத்தில் மானிப்பாயில் ஒருவர் வேறு வகையாக உழைத்துக் கொண்டிருந்தார். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் 1822இல் மசாச்சுசெற்ஸ் மாகாணத்து வூஸ்டர் நகரிற் பிறந்தவர். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, அடுத்த ஆண்டிலே மானிப்பாயில் வைத்தியப் பணியையும் வைத்தியக் கல்வியையும் தொடங்கினார். நோயாளர் கூடும் இடத்தில் வேதவாசகமும் ஜெபமும் நடைபெறும். ஆனால் மருந்து எல்லாருக்கும் உரியது. கேட்டவர் நம்பினாலும் நம்பாவிட்டாலும் அவருடைய புண் கட்டப்படும்.

கிறீனுக்கும் அவசரம் இருந்தது. வாந்திபேதியும் அம்மையும் பரவிய நாட்டிலே ஒரு வைத்தியர் எத்தனை பேரைக் காக்க முடியும்? ஒரு கை ஆயிரங் கைகளாக வேண்டும். அவ்வாறாயின் மாணாக்கரை ஆயத்தஞ் செய்தல் வேண்டும். தொடக்கத்திற் கல்வி ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. ஆங்கிலத்திற் கற்றவனை அரசாங்க உத்தியோகம் பிற ஊர்களுக்கு இழுத்துச் செல்லும். தமிழிற் கற்றவனோ தன் கிராமத்தில் தங்கித் தன் மக்களுக்குத் தொண்டு செய்வான் என்பதை அவர் கண்டார். ஆகவே 1860களில் வைத்தியக் கல்வியைத் தமிழிலேயே நடத்தத் துணிந்தார்.

இத்துணிவின் அருமையை உணர வேண்டுமானால் அக்கால நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். மேனாட்டு வைத்தியத்துக்குத் தமிழிலே நூல் இல்லை. நூல் எழுதுவதற்குச் சொல்லும் இல்லை. கிறீன் தமிழைக் கற்றார். தம் மாணாக்கரோடு அமர்ந்து சொற்களை ஆக்கினார். தமிழிலோ வடமொழியிலோ தக்க சொல் இருப்பின் அதனை எடுத்தார்; இல்லையாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இயைய மாற்றிக் கொண்டார். உடற்கூற்று நூலுக்கு அங்காதிபாதம் என்றும், உடற்றொழில் நூலுக்குச் சுகரணம் என்றும், இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் என்றும் பெயர்கள் அமைந்தன. 1857இல் பிரசவ வைத்தியம், 1867இல் இரண வைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம், 1875இல் கெமிஸ்தம் என நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. அவருடைய முயற்சியால் உருவான வைத்தியத் தமிழ்ப் பக்கங்கள் 4,000க்கும் அதிகம். அவரிடங் கற்று வெளியேறிய மாணாக்கர் 60 பேருக்கும் அதிகம்.

நெருக்கடி நேரத்தில் ஒருவர் இவ்வளவு மெதுவான வேலையைச் செய்வது விந்தையாகத் தோன்றலாம். வாசலில் நோயாளர் காத்திருக்க, உள்ளே ஒருவர் எலும்பின் பகுதிகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடிக் கொண்டிருக்கிறார்! ஆயினும் அவருடைய அவசரத்துக்கு ஏற்ற வேலை அதுவே. தாம் இறந்தபின்னும் நோயாளர் வருவர் என்பதை அவர் மறக்கவில்லை. ஒரு மக்களை உண்மையாக நேசிப்பவன் அவர்களுடைய மொழியை நேசிப்பான். அவர்கள் தன்னை நாடி வரவேண்டுமென்று இராமல், தான் அவர்களிடஞ் செல்வான். அறிவைத் தன் கையிலே வைத்துக் கொண்டு தருமம் பண்ணாமல், அதனை அவர்கள் கையிலேயே கொடுத்து விடுவான்.

1873இல் உடல்நலங் குன்றிக் கிறீன் அமெரிக்காவுக்குத் திரும்பினார். அத்துடன் ஊழியம் முடிந்ததென்று அவர் கருதவில்லை. வூஸ்டர் நகரில் இருந்துகொண்டே தமிழ் நூல் வேலையைத் தொடர்ந்தார். மனுஷ சுகரணம் என்னும் நூல் 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் அவர் காலமானார்.

அமெரிக்க ஊழியரைப் பற்றிப் பேசும்பொழுது, அவர்கள் மீது சைவப் பெருமக்கள் கூறிய குறைகளையும் சொல்லுதல் முறை. பாடசாலையும் உத்தியோகமும் ஆசை காட்டும் கருவிகளாயின என்றும், ஊராரின் வழிபாட்டை ஊழியர் சிலர் இழித்துரைத்தனர் என்றும் குற்றச்சாட்டு எழுந்தது. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆறுமுக நாவலர் அவர்கள் இதனை எதிர்த்து, 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலை நிறுவினார், அச்சுக்கூடம் அமைத்தார், பிரசங்கஞ் செய்தார். வெஸ்லியன் மிசனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத் தமிழ்ப் பெயர்ப்பில் உதவி புரிந்தவரும் இந்நாவலரே. கிறீனும் நாவலரும் ஒரே ஆண்டில், 1822இல், பிறந்தவர்கள். சமயத்தில் எதிரெதிர் நின்ற அவ்விருவரும் தமிழ் உரைநடைக்கு ஆற்றிய தொண்டில் அருகருகே நிற்கின்றனர்.

நாவலரின் எதிர்ப்பு கிறிஸ்தவ ஊழியருக்கும் ஒரு பாடமாயிற்று. கேட்பவனை இழிவுபடுத்தும் நாவினால் அன்பின் செய்தியைச் சொல்ல இயலாது. உதவியைத் தூண்டிலாக்கினால் அது உதவியாகாது. நல்ல சமாரியன் உவமையில், காயப்பட்டுக் கிடந்தவனிடம் சமாரியன் எதனையும் வினவவில்லை. காயத்தைக் கட்டினான், சத்திரத்துக்குக் கொண்டு போனான், செலவுக்குப் பணமுங் கொடுத்தான். நற்செய்தி அறிவிப்பவன் தன் நம்பிக்கையை ஒளிக்க வேண்டியதில்லை; ஆனால் அதனைக் கேட்பவனுக்கு மறுக்கும் உரிமையும் உண்டு என்பதை மதித்தல் வேண்டும். மறுத்தபின்னும் தொடர்வதே அன்பு.

ஸ்கடர் குடும்பத்தின் கதை மீண்டும் ஒருமுறை தலைகாட்டுகின்றது. பண்டத்தரிப்பில் உழைத்த ஜோன் ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடர், 1870இல் இராணிப்பேட்டையிற் பிறந்தவர். குடும்பத்து ஊழியம் தமக்கு வேண்டாம் என்பதே அவருடைய இளமைக்கால முடிவு. நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனத்துக்கு வந்திருந்தபொழுது, ஓரிரவில் மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். மூவருடைய இளம் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். வைத்தியராகிய தம் தந்தையை அனுப்புவதாக ஐடா சொன்னார். பிற ஆடவன் முகத்திற் பெண் விழிக்கலாகாது என்று மூவரும் மறுத்துப் போயினர். விடிந்தபொழுது மூன்று பெண்களும் இறந்து விட்டனர் என்ற செய்தி வந்தது.

அன்று ஐடாவுக்கு அவசரம் பிறந்தது. ஆனால் அந்த அவசரம் அவரை உடனே தெருவுக்கு அனுப்பவில்லை. வைத்தியக் கல்லூரிக்கு அனுப்பிற்று. கோர்னெல் வைத்தியக் கல்லூரியிற் பயின்று 1899இல் தேறி, 1900இல் இந்தியாவுக்குத் திரும்பி வேலூரிற் பணி தொடங்கினார். 1902இல் பெண்களுக்கான வைத்தியசாலை அங்கே திறக்கப்பட்டது. 1918இல் பெண்களுக்கு வைத்தியம் கற்பிக்கும் பாடசாலையை அவர் தொடங்கினார். அதுவே பின்னர் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியாக வளர்ந்தது. 1960இல் அவர் இறக்கும்பொழுது, ஓரிரவின் துயரத்துக்கு அவர் அளித்த விடை அறுபது ஆண்டு நீண்டிருந்தது.

பண்டத்தரிப்பு, உடுவில், மானிப்பாய், வேலூர் ஆகிய நான்கிடங்களிலும் வெளிப்படுவது ஒரே உண்மை. அன்பில்லாத அவசரம் எண்ணிக்கையை நாடும். எண்ணிக்கை குறைந்தால் சோர்ந்து போகும். சிலவேளை தான் கட்டியதையே இடித்துவிடும். அன்பிற் பிறந்த அவசரமோ இன்றே தொடங்கும்; நாளைக்குத் தேவையானதையும் இன்றே ஆயத்தஞ் செய்யும். பெற்றோருக்காகக் காத்திருக்கவும், அந்நிய மொழியைக் கற்கவும், பலன் காணாமலே விதைக்கவும் அதற்குப் பொறுமை உண்டு. உண்மையுள்ள ஊழியம் என்று கிறிஸ்தவர் சொல்வது இதனையே.

மானிப்பாயில் அவ்வைத்தியசாலை இன்றும் கிறீன் பெயரைத் தாங்கி நிற்கின்றது. வூஸ்டர் நகரிலுள்ள அவருடைய கல்லறையில், அவர் விருப்பப்படியே, தமிழருக்கு மருத்துவ நற்செய்தியாளர் என்னும் கருத்துள்ள வாசகம் ஆங்கிலத்திற் பொறிக்கப்பட்டிருக்கின்றது. பிறந்த ஊரிலே புதைக்கப்பட்ட ஒருவர், தாம் யாருக்கு உரியவர் என்று கேட்பாருக்கு, கடல் கடந்த ஒரு மக்களின் பெயரையே விடையாக விட்டுச் சென்றார்.